நடுக்கத்தைத் தாங்கிய மரவீடுகள்

2002 செப்டம்பர் 14 அதிகாலை நான்கு மணியளவில் வடக்கு அந்தமானை 6.5 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. அங்குள்ள திக்லிபூர் என்ற ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். சேதத்தைப் பார்வையிடக் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து போன பொறியியலாளர்கள் எழுதிவைத்தவற்றில் ஒரு செய்தி இன்றும் கவனத்துக்குரியது. கம்பி கட்டிக் கான்கிரீட் போட்ட கட்டடங்களும், சிமெண்ட் கல் அடுக்கிய சுவர்களும் பல இடங்களில் விரிசல் விட்டிருந்தன. குடியேறிய மக்கள் எழுப்பிய மரவீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருந்தன.

இதற்கு நான்கு மாதம் முன்பு, மே 7 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளைப் பற்றி ஓர் ஆணை பிறப்பித்தது. நீதிமன்றமே நியமித்த சேகர் சிங் ஆணையம் தந்த அறிக்கையின் அடிப்படையில் அமைந்த ஆணை அது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், பழங்குடி மக்களுக்கான காப்புப் பகுதிகள் ஆகியவற்றில் தானாக வளர்ந்த மரத்தில் இனிக் கோடரி படக்கூடாது. மற்ற இடங்களில் வெட்டுவதும் தீவுவாசிகளின் சொந்தத் தேவைக்கு மட்டுமே. தீவை விட்டு மரம் வெளியே போகக்கூடாது.

ஆக, அந்த மண்ணுக்குப் பொருத்தமான வீடு எது என்பதை நிலநடுக்கம் காட்டிக்கொடுத்த அதே ஆண்டில், அந்த வீட்டுக்கான மரத்தின் வரத்தையும் சட்டம் சுருக்கியது. சட்டம் சரிதான், நூறாண்டு காலச் சூறைக்கு அது பிந்தி வந்த தடுப்பு. வீடுகள் சொன்னதும் உண்மைதான். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்க நாம் போதிய அக்கறை காட்டவில்லை என்பதே என் ஆதங்கம். திக்லிபூருக்குச் சுற்றுலாப் பயணிகளின் வருகை கூடக்கூட இந்த அக்கறை அவசரமாகிறது. அடுத்து அங்கே எழும் விடுதி எதனால் கட்டப்படும் என்ற கேள்வி அந்த ஊரின் பாதுகாப்பையும் அதன் காட்டையும் கடற்கரையையும் நேராகத் தொடுகிறது.

திக்லிபூருக்கு அருகே சேடில் பீக் இருக்கிறது. 732 மீட்டர், அந்தமான் நிகோபார்த் தீவுகளிலேயே உயரமான சிகரம். குதிரைச் சேணம்போல நடுவே தாழ்ந்து இருபுறமும் எழும்பிய அந்த மலையும் அதன் மழைக்காடும் தேசியப் பூங்கா. அங்கே பிறக்கும் கல்போங் ஆற்றின் குறுக்கே அணை கட்டி 5.25 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். மலையேற வருபவர்கள் லாமியா விரிகுடாவில் வனத்துறையிடம் பெயர் கொடுத்துவிட்டுக் கடலோரமாக நடந்து பிறகு மேலே ஏறுவார்கள். பக்கத்திலேயே காளிபூர் கடற்கரை. பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை, அழுங்காமை, பச்சை ஆமை என நான்கு வகைக் கடலாமைகள் முட்டையிடும் மணல் அது. பூங்காவுக்குள் தங்குவதற்கென்று பழைய விடுதி ஏதும் இல்லை. ஒருவகையில் அது நல்லதுதான்.

தேசியப் பூங்கா என்றவுடன் மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய ஒரு பெரிய விடுதி உலகெங்கும் பலருடைய கற்பனையில் எழுகிறது. அந்தக் கற்பனைக்கு ஊற்றுக்கண் அமெரிக்காவில் உள்ள ஒரே ஒரு கட்டடம். அதைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் திக்லிபூரின் நிலைமை துலங்கும்.

உலகின் முதல் தேசியப் பூங்காவாக யெல்லோஸ்டோன் 1872-இல் அறிவிக்கப்பட்டது. ரயில் பாதை பூங்காவின் வாசல்வரை வந்ததும் பயணிகளை இழுக்க நல்ல விடுதி தேவைப்பட்டது. நார்தர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பணத்தில், ராபர்ட் ரீமர் என்ற 29 வயது கட்டடக் கலைஞரின் வரைபடத்தில், 1903 கோடையில் வேலை தொடங்கியது. உறைபனியிலும் வேலை நிற்கவில்லை. 1904 ஜூன் 1 அன்று ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் திறக்கப்பட்டது. லாட்ஜ்போல் பைன் மரங்களைச் சில மைல் தொலைவிலேயே வெட்டினார்கள். கல்லையும் பூங்காவிலேயே உடைத்தெடுத்தார்கள். முன்கூடத்தின் கூரை ஏறத்தாழ 76 அடி உயரத்தில் நிற்கிறது. நடுவில் சுமார் 500 டன் எடையுள்ள கல் கணப்பும் அதன் புகைபோக்கியும். மாடங்களைத் தாங்கும் முட்டுகளுக்கு, இயற்கையிலேயே வளைந்தும் முண்டும் முடிச்சுமாகவும் இருந்த கிளைகளைக் காட்டில் தேடித் தேடிப் பொறுக்கிவந்தார்கள். உள்ளே நின்ற தூண்களின் பட்டையைக்கூட உரிக்கவில்லை.

ஆனால் அந்தக் காட்டுக்கோலம் எதேச்சையாக அமைந்ததல்ல. திறந்த நாளிலிருந்தே அங்கே மின்விளக்கும் நீராவி வெப்பமும் இருந்தன. நகரத்து மனிதர் தம் வசதி எதையும் இழக்காமல் காட்டை உணர வேண்டும் என்று ரீமர் திட்டமிட்டே அதைச் செய்தார். பின்னாளில் அந்தப் பாணி அமெரிக்கப் பூங்காக் கட்டடங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி ஆயிற்று. மலைவாசத்தலங்களில் சிமெண்டில் வார்த்து மரநிறம் பூசிய குடில்களை நாம் பார்க்கிறோமே, அவற்றின் தொலைதூர மூதாதையும் அதுவே.

எனக்கு அந்த விடுதியின் அழகைவிட அதன் ஆயுள்தான் முக்கியமாகப் படுகிறது. 1959 ஆகஸ்ட் 17 இரவு, ஹெப்கென் ஏரிப் பகுதியில் 7-க்கும் மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. விடுதியின் மரச்சட்டம் முறுக்கிக்கொண்டது; சில இணைப்புகள் பிசகின. ஆனாலும் கட்டடம் நின்றது. உணவுக்கூடத்தின் கல் புகைபோக்கிதான் இடிந்து விழுந்தது. தங்கியிருந்தவர்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். கூரையின் உச்சியில் இசைக் கலைஞர்கள் அமர்ந்து வாசித்த பரணுக்கு அதன்பின் யாரையும் ஏறவிடவில்லை. 1988-இல் காட்டுத்தீ சூழ்ந்தபோது, சமீபத்தில்தான் பொருத்தியிருந்த நீர்த்தெளிப்பான்கள் கூரையை நனைத்துக் காப்பாற்றின. மரக்கட்டடம் தானாக நூறாண்டு நிற்பதில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் இடையே எது முதலில் விழும் என்று அறிந்து, தண்ணீரையும் தீயையும் எண்ணிப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பேணினால்தான் நிற்கும்.

நம் நாட்டில் இப்படி ஒரு விடுதி ஏன் எழவில்லை? காட்டில் மரம் இல்லாமலா? காட்டுக்குள் பொதுமக்கள் வர வேண்டும் என்று ஆங்கில ஆட்சி எண்ணவே இல்லை என்பதுதான் காரணம். அமெரிக்கப் பூங்கா பயணிகளை வரவேற்றது. இந்திய வனத்துறை மரத்தைக் கணக்கெடுத்தது. ஆகவே இங்கே எழுந்தவை அதிகாரி குதிரையில் வந்து ஓரிரவு தங்கிக் கணக்கெழுதிவிட்டுப் போகும் சிறிய ஆய்வு மாளிகைகள். டாப்ஸ்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனைமலைத் தேக்கை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் என்பதால் வந்த பெயர். அங்கே மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதியில் பழைய வன மாளிகை இருக்கிறது. வெட்டி அழிந்த தேக்கைத் துளிர்க்கவைத்த அதிகாரி ஹியூகோ வுட் 1933-இல் இறந்தபின் அந்தக் காட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார். காட்டை நேசித்த அதிகாரி ஒருவர் இருந்தார் என்பது மகிழ்ச்சிதான். ஆனாலும் அந்த மாளிகை அவரைப் போன்றவர்களுக்கு மட்டும் திறந்த கதவாகவே நெடுங்காலம் இருந்தது.

அந்தமானில் கதை இன்னும் கடுமையானது. 1883-இல் வனத்துறையும், போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் மர அறுவை மில்லும் தொடங்கின. தேடப்பட்ட மரம் அந்தமான் படாக். நம் ஊர் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் நெருங்கிய உறவு. அதே குடும்பத்துச் சிவப்பு, அதே கனம். அதன் அடிமரத்தில் பலகைபோல் விரியும் புடைவேரை அறுத்தால் ஒரே துண்டில் பெரிய மேசைப்பலகை கிடைக்கும். அந்தச் சிவப்பு கடல் கடந்தது. அமெரிக்காவின் சொகுசு ரயில் பெட்டிகளைச் செய்த புல்மன் நிறுவனம் உள்வேலைப்பாட்டுக்குப் படாக்கை வாங்கியது. பணம் படைத்த அமெரிக்கப் பயணி அந்தமான் மரம் பதித்த பெட்டியில் அமர்ந்து தன் நாட்டுக் காடுகளைக் காணப் போயிருக்கக்கூடிய காலம் அது. ரயில்தான் அங்கே மரவிடுதியையும் கட்டியது. காடு ஒருவருக்கு விடுமுறையாகவும் மற்றொருவருக்கு வெட்டுக்கூலியாகவும் ஆனது இப்படித்தான்.

வெட்டியவர்கள் யார்? தொடக்கத்தில் கைதிகள். 1918 முதல் ராஞ்சியிலிருந்த கத்தோலிக்கத் தொழிலாளர் நிலையத்தின் வழியாக ஒராவோன், முண்டா, கரியா மக்கள் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். தீவில் இன்றும் அவர்களை 'ராஞ்சி' என்றே சொல்கிறார்கள். பல மொழி பேசும் பல இனத்தாரை ஒரு நகரின் பெயருக்குள் அடைத்துவிட்ட அழைப்பு அது. 1925-இல் மாயாபந்தர் அருகே வெபியில் பர்மாவின் கரேன் மக்கள் குடியமர்த்தப்பட்டார்கள். யானைகளும் வந்தன. யானை கட்டையை இழுத்துக் கழிமுகத்தில் தள்ளும். அங்கிருந்து தெப்பமாகக் கட்டிக் கப்பலுக்கு இழுத்துப் போவார்கள். தீக்குச்சிக்கும் பிளைவுட்டுக்கும் மென்மரம், ரயில் படுக்கைக்கட்டைக்குக் குர்ஜன், வீட்டுச் சாமானுக்குப் படாக் என்று சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் அந்தமான் காடு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நம் தாத்தா காலத்து வீட்டு நிலை ஒன்றிரண்டில் அந்தக் காடு இன்னும் இருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் வேகம் குறையவில்லை. 1951-இல் வடக்கு அந்தமான் காட்டை வெட்டும் உரிமம் கல்கத்தாவைச் சேர்ந்த பி.சி. ரே நிறுவனத்துக்குத் தரப்பட்டது. 1962 வாக்கில் தொழில் நொடித்தது. இன்டர்வியூ தீவில் சுமார் நாற்பது வேலை யானைகள் கைவிடப்பட்டன. அவை மெல்ல மெல்லக் காட்டு யானைகளாக மாறின. யானையே இயற்கையாக இல்லாத தீவில் யானைக்கூட்டம். பிரம்பையும் மரப்பட்டையையும் அவை தின்று தீர்த்த கதையை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த விலங்குகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு முடிந்ததும் வேலைக்காரனை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போன முதலாளித்தனத்துக்கு அதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

இத்தனை மரம் வெளியே போன தீவில், வெட்டியவர்கள் தங்கியது கழி நட்டுப் பனையோலை வேய்ந்த முகாம்களில். ஐம்பதுகளில் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்களைத் திக்லிபூர்ப் பக்கம் குடியமர்த்தி, காடு அழித்த நிலத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் கையில் கிடைத்த மரத்தை வைத்து வீடு கட்டினார்கள். அந்த வீட்டைத்தான் 2002-இல் நிலம் பரீட்சித்துப் பார்த்தது.

அந்த மரபில் அமைந்த வீட்டை அருகில் போய்க் கவனித்தால் அதன் அறிவு புரியும். வைரம் பாய்ந்த தூண்கள். தூணின் தலையில் கழுந்து செதுக்கி உத்திரத்தின் துளையில் இறக்கியிருப்பார்கள். சில இடங்களில் வெறும் போல்ட்டும் ஆணியும். தூண்களுக்கிடையே சுவரென்று கனமாக ஏதும் கிடையாது: பலகை, அல்லது பிளந்த மூங்கிலைப் பின்னி மேலே மண் பூசிய தட்டி. கூரை முன்பு ஓலை, பின்பு தகரம். முழு வீட்டின் எடையும் அதே அளவுள்ள செங்கல் வீட்டில் ஒரு சிறு பங்குதான். நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மேல் பாயும் விசை அதன் எடையைப் பொறுத்தது. கனம் கூடினால் அடியும் கூடும். மரவீட்டின் இணைப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் அசைந்து, உரசி, முனகி அந்த விசையைத் தின்றுவிடுகிறது. தட்டியில் பூசிய மண் உதிரும், மறுவாரம் பூசிக்கொள்ளலாம். தகரம் தலையில் விழுந்தாலும் கான்கிரீட் தளம் விழுவதைப் போலக் கொல்லாது. காஷ்மீரின் தஜ்ஜி-தேவாரி வீடுகளும் இதே நியாயத்தில்தான் நிற்கின்றன: மரச்சட்டத்துக்குள் சின்னச் சின்னக் கட்டங்களாக நிரப்பிய சுவர், ஒரு கட்டம் உடைந்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகாத விரிசல்.

கான்கிரீட் தன்னளவில் குற்றவாளி இல்லை. தூணில் ரிங் நெருக்கமாகக் கட்டி, உத்திரமும் தூணும் சேரும் இடத்தில் கம்பியை முறையாக வளைத்து, உப்பில்லாத மணலில் கலவை போட்டால் அதுவும் நிற்கும். அந்தமானில் ஒவ்வொன்றும் சிக்கல். கம்பி, சிமெண்ட், தேர்ந்த மேற்பார்வை எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். ஆற்று மணல் அரிது; கடற்கரை மணலில் உப்பு. உப்பு கம்பியை அரிக்கும், துரு உப்பி மேல்பூச்சைப் பிளக்கும். 2002 உச்ச நீதிமன்ற ஆணை மணலையும் விட்டுவைக்கவில்லை. கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்து ஐந்தாண்டுக்குள் அன்றைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவரச் சொன்னது. காரணம் வெளிப்படை. காளிபூரில் ஆமைக்கு முட்டையிட மணல் வேண்டும், ஊருக்குப் புயலலையைத் தடுக்க மணல் வேண்டும். ஒரு கான்கிரீட் விடுதி கட்ட அள்ளும் மணல் எந்த ஆமையைப் பார்க்கப் பயணி வருகிறாரோ அதன் படுக்கையாகவும் இருக்கக்கூடும்.

திக்லிபூர் நடுக்கத்துக்குப் பின் இரண்டே ஆண்டில், 2004 டிசம்பர் 26 அன்று, அதைவிடப் பன்மடங்கு பெரிய நடுக்கம் வந்தது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. தெற்கே நிகோபாரில் நிலம் தாழ்ந்தது. இந்தியாவின் அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் இத்தீவுகள் மிக அபாயமான ஐந்தாம் மண்டலத்தில் இருந்தது வெறும் எண் அல்ல என்பது ஒரே காலைப்பொழுதில் தெரிந்தது.

அந்தமானில் மரத்தை முன்வைத்துச் சிந்தித்த பெரிய விடுதி இல்லாமல் இல்லை. போர்ட் பிளேரில் (இன்று ஸ்ரீ விஜயபுரம்) 1982-இல் சார்லஸ் கொரியா வடிவமைத்த பே ஐலண்ட் விடுதி இருக்கிறது. குன்றின் சரிவை வெட்டிச் சமதளம் ஆக்காமல், படிப்படியாகக் கடலை நோக்கி இறங்கும் தளங்கள். அவற்றின் மேல் படாக் மரத்தில் செய்த சரிந்த கூரைகள். வேண்டிய இடத்தில் சுவரே இல்லை. கடற்காற்று ஊடே போகிறது. யெல்லோஸ்டோன் விடுதி பனிக்குப் பயந்து ஒடுங்கி உயர்ந்தது. கொரியாவின் கட்டடம் வெப்பத்துக்கும் மழைக்கும் கூரையைத் தாழ்த்தி விரித்தது. வெளிநாட்டுக் கட்டைக்குடிலின் சாயலைத் தேடாமல், தீவின் மரத்தைத் தீவின் வானிலைக்கு ஏற்பப் பேசவைத்தார் அவர். அந்தமானில் எழுந்த விடுதிகளில் நான் மிக உயர்வாக மதிப்பது அதைத்தான். ஆனால் 1982-இன் படாக் இன்று கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நூறாண்டுக்கு மேல் வளர்ந்த மரத்தை ஒரு விடுதிக்காகச் சாய்ப்பதற்கு இனி நியாயம் கற்பிக்க முடியாது.

அப்படியானால் மரம் எங்கிருந்து வரும்? விடையில் ஒருபாதி அதே சேகர் சிங் ஆணைய அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது. அந்தமானுக்குத் தேக்கு சொந்த மரம் இல்லை. இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டமாக நட்டது. ரப்பர், எண்ணெய்ப்பனை, தேக்கு ஆகிய தோட்டங்கள் பயன் தருவதில்லை, அவற்றைப் படிப்படியாக விலக்கி அந்த நிலத்தில் காட்டை மீட்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. விலக்கும் தேக்கை விறகாகவும் ஏலக்கட்டையாகவும் கழிக்காமல், அளவெடுத்துச் சிறு குறுக்குவெட்டுச் சட்டங்களாக அறுத்து, தீவின் பள்ளிக்கூடங்களுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் பிறகே விடுதிகளுக்கும் தரலாம். ஆணை அனுமதிக்கும் உள்ளூர்த் தேவை என்ற எல்லைக்குள் எது முன்னே, எது பின்னே என்ற வரிசை முக்கியம். பயணியின் அறைக்கு முன்னால் பிள்ளைகளின் வகுப்பறை வர வேண்டும்.

இன்னொரு பாதி பழைய வீடுகளில் இருக்கிறது. வசதி வந்ததும் மரவீட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் வீடு போடுவது எங்கும் நடப்பதுதான். அதில் குடும்பத்தின் ஆசையும் கௌரவமும் இருக்கின்றன. அதைக் குறை சொல்ல வெளியூர்க்காரருக்கு உரிமை இல்லை. கரையானும் ஈரமும் தீப்பயமும் மரவீட்டில் வாழ்பவருக்குத்தான் தெரியும். ஆனால் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும் இன்று எந்த விலைக்கும் கிடைக்காத வைரக்கட்டை. காரைக்குடி வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் பழைய சாமான் கடைகளின் வழியாக நாடெங்கும் போய்ச் சேர்ந்ததை நாம் கண்ணெதிரே பார்த்தோம். செட்டிநாட்டில் பாதுகாப்புப் பேச்சு தொடங்குவதற்குள் வீடுகள் தெருத் தெருவாகப் போய்விட்டன. திக்லிபூரில் அப்படி ஆகும் முன்பு, சேடில் பீக் அடிவாரத்துக்கு வெளியே, பூங்காவின் எல்லைக்குள் ஒரு கழிகூட நடாமல், அந்தக் கட்டைகளாலேயே சில அறைகள் கொண்ட விடுதியை ஊர்க்காரர்களே நடத்த முடியும். ஆமைகள் கரையேறும் பருவத்தில் கடல்பக்க விளக்கை அணைத்துவைக்கும் விடுதியாக அது இருக்க வேண்டும். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பித் திசைமாறிச் சாகின்றன.

அதற்குமுன் செய்ய வேண்டியது அளவெடுப்பது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதியின் ஒவ்வொரு முட்டும் வரைபடமாகவும் புகைப்படமாகவும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் அதை நிலநடுக்கத்துக்கு எதிராகப் பின்னாளில் வலுப்படுத்த முடிந்தது. திக்லிபூரின் மரவீடுகளுக்கு அப்படி ஒரு முழுப் பதிவை எடுத்து வைக்க வேண்டும். தூண் மண்ணுக்குள் போகிறதா, கல்லின் மேல் அமர்கிறதா. கழுந்தின் நீளம் எவ்வளவு. எந்த இணைப்பில் போல்ட், எதில் ஆணி. எந்த மரம் தூணுக்கு, எது உத்திரத்துக்கு. 2002-இல் எது பிசகி, யார் எப்படிச் சரிசெய்தார்கள். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கட்டடக் கலை மாணவர்கள் வகுப்புச் சுற்றுலாவாகப் போகும் இடங்களின் பட்டியலில் திக்லிபூரைச் சேர்க்கலாம். வீட்டைக் கட்டிய தலைமுறையில் கையால் கழுந்து செதுக்கிய தச்சர்கள் இப்போது எண்பதைத் தாண்டியவர்களாகத்தான் இருப்பார்கள். அளவு நாடாவும் ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துக்கொண்டு போக வேண்டிய பயணம் இது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே தொடங்கலாம்.